முதல் தடவை கொழும்புக்கு: மூன்று வருடமாகக் கைகளை மட்டும் பார்த்த தோழிகளைச் சந்திக்கப் போகிறேன்

சம்பூர்_நூல் | செவ்வாய், இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். நான் திருகோணமலை மாவட்டம், சம்பூர். வயது 24. வருகிற வெள்ளி இரவு ரயிலில் கொழும்புக்குப் போகிறேன், வாழ்க்கையில் முதல் தடவை. எனக்கு இதுவரை பெரிய ஊர் என்றால் திருகோணமலை டவுன்தான். ஐந்து வயதில், 2006 இல், சண்டையால் ஊரை விட்டு ஓடினோம். கிளிவெட்டி முகாமில்தான் எழுத்துப் படித்தேன். திரும்பி வந்த பிறகும் டவுனுக்கு மேலே எங்கும் போக வேலை வரவில்லை.

போகிற காரணத்தைச் சொன்னால் வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும் என்று நினைக்கிறேன். நான் குரோஷே பின்னுகிறேன், ஒற்றை ஊசியால் நூலைக் கொக்கிப் பின்னுவது. 2022 இல் பெட்ரோல் இல்லாமல் பஸ் ஓடாமல், நாள் முழுக்கக் கரண்ட் வந்து வந்து போன மாதங்களில் பழகத் தொடங்கினேன். ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். அதில் நாற்பது பேர் இருந்தார்கள். நாளடைவில் நாங்கள் நான்கு பேர் தனியாக ஒட்டிக்கொண்டோம். வெள்ளவத்தையில் ஒரு அக்கா, ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. புத்தளத்தில் ஒரு ராத்தா. ஹட்டனில் ஒரு தங்கச்சி, இப்போது கொழும்பில் கடையொன்றில் வேலை. பிறகு நான்.

நான் இடக்கைக்காரி. இதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் தொடங்கியது. இணையத்தில் இருக்கிற பாடங்கள் எல்லாம் வலக்கைக்காரர் போட்டவை. பார்த்துப் பின்னினால் வளையம் எனக்கு எதிர்ப்பக்கம் சுற்றும், கண்ணி எண்ணிக்கை பிழைக்கும். விட்டுவிடுகிறேன் என்று குழுவில் எழுதினேன். ஐந்தாறு நாளில் அக்கா ஒரு வீடியோ போட்டார். இடக்கையால் பின்னுகிற வீடியோ. அதிலிருந்து இன்று வரைக்கும் எனக்கென்று எத்தனையோ போட்டுவிட்டார். முகம் காட்ட மாட்டார். இரண்டு கையும் மடியும் மட்டும்தான் தெரியும். ராத்தாவும் தங்கச்சியும் அப்படித்தான். அவர்கள் கைகளை எங்கே கண்டாலும் அடையாளம் சொல்வேன், முகம் தெரியாது.

இப்போது நாலு பேரும் ஒரு நாள் சேர்ந்திருப்போம் என்று முடிவெடுத்திருக்கிறோம். நான் கொட்டாஞ்சேனையில் சித்தி வீட்டில் தங்குவேன். எந்த வழியால் போவது நல்லது, எங்கே சந்திப்பது, எதற்குக் கவனம் என்று போய் வந்தவர்கள் சொல்லுங்கள். எனக்குச் சிங்களம் கடையில் விலை கேட்கிற அளவுக்குத்தான் வரும்.

நிலாவெளிக்காரன் | செவ்வாய், இரவு 9.15

தங்கச்சி, ரயில் நல்ல முடிவு. 49 ஆம் நம்பர் பஸ்ஸில் ஆறு ஏழு மணித்தியாலத்தில் போய்விடலாம்தான். ஆனால் ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று இரவு முழுக்க உலுப்பும். தனியாகப் போகிற ஆளுக்கு ரயில்தான் ஆறுதல், பெட்டி நிறையக் குடும்பங்கள் இருக்கும். இரண்டாம் வகுப்பில் ஆசனம் பதிந்து கொள்ளுங்கள். பதியாமல் மூன்றாம் வகுப்பில் ஏறினால் இருக்க இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். சீனக்குடா, தம்பலகாமம், கந்தளாய் தாண்டிக் கல்ஓயாச் சந்தி. அங்கே நிற்கிற நேரத்தில் தேத்தண்ணி குடிக்க இறங்கிவிடாதீர்கள். அதற்கப்பால் யானை கடக்கிற காட்டுப் பகுதி, ரயில் ஊரும். பயப்பட ஒன்றுமில்லை.

விடிய முன்னம் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்குவீர்கள். சித்தப்பாவை மேடைக்கு உள்ளேயே வரச் சொல்லுங்கள். வெளியே வந்தால் ஓட்டோக்காரர் பத்துப் பேர் சூழ்ந்து நிற்பார்கள், நித்திரைக் கண்ணோடு விலை பேச முடியாது. பகலில் ஓட்டோ வேண்டுமென்றால் பிக்மீ ஆப்பில் போட்டுப் பிடியுங்கள், காசு எவ்வளவு என்று முன்னமே தெரியும்.

குடை கட்டாயம். இங்கே கச்சான் காற்றில் முற்றம் வெடித்துக் கிடக்கிறது, அங்கே இப்போது மழைக்காலம். முதல் தடவை நான் போனபோது இதை யாரும் சொல்லவில்லை. புறக்கோட்டையில் முழங்கால் வரைக்கும் நனைந்தேன்.

கடலோரத்_தாய் | செவ்வாய், இரவு 9.52

மகள், நான் உப்புவெளி. இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். உங்கள் அம்மாவின் இடத்தில் இருந்து எழுதுகிறேன், கோபிக்காதீர்கள். மூன்று வருடம் கதைத்தவர்கள் என்றாலும் முகம் பார்க்காதவர்கள். கை மட்டும் தெரியும் என்கிறீர்கள். கையை வைத்து ஆளை எப்படி நம்புவது? போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போகுமுன்னம் ஒரு தடவையாவது வீடியோவில் முகம் பார்த்துக் கதையுங்கள். அம்மாவையும் பக்கத்தில் இருத்திக் கதையுங்கள். அம்மா என்ன சொல்கிறார்?

சம்பூர்_நூல் | செவ்வாய், இரவு 10.05

அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பிரச்சினை. பேசாமல் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். இரவு சாப்பிடும்போது ஒரே ஒரு கேள்வி: "ஐடென்டிகார்ட் எடுத்து வைத்தாயா?"

கொட்டியாரம்_பழசு | புதன், காலை 6.20

பிள்ளை, அம்மா கேட்ட கேள்வியைச் சும்மா விடாதே. அதற்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. நான் மூதூர்ப் பக்கம், வயது 67. எங்கள் காலத்தில் டவுனுக்குப் போவதே ஒரு பயணம். மூதூர்த் துறையடியில் லாஞ்சி ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடப்போம். காற்று எழும்பினால் லாஞ்சி இல்லை. தரை வழி என்றால் கெங்கை, இறால்குழி, உப்பாறு என்று ஒவ்வொரு துறையிலும் பாதை என்கிற மிதவைப் படகு வரும்வரை காத்து நிற்க வேண்டும். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்த பிறகு, 2011 இல் மற்றப் பாலங்களும் வந்த பிறகுதான் பஸ்ஸில் இருந்தபடியே டவுனுக்கு வருகிறீர்கள்.

கொழும்பு என்பது அதைவிட வேறு. சண்டைக் காலத்தில் தமிழ் ஆள் ஒருவர் கொழும்பில் இரவு தங்குவதென்றால் பொலிஸில் பதிய வேண்டும். ஏன் வந்தாய், எத்தனை நாள், யாரைப் பார்க்க என்று கேட்பார்கள். லொட்ஜில் இரவு இரண்டு மணிக்குக் கதவு தட்டுவார்கள். 2007 ஜூன் 7 ஆம் தேதி விடியப்புறம் லொட்ஜுகளில் இருந்த தமிழ்ச் சனத்தைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் எங்கள் பக்கத்துக்கும் அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் மறுநாள் தடை உத்தரவு போட்ட பிறகுதான் அது நின்றது. அந்த நேரத்தில் யார் கொழும்புக்குப் புறப்பட்டாலும் வீட்டில் முதல் கேள்வி இதுதான்: ஐடென்டிகார்ட் இருக்கா? அம்மாவுக்கு அந்தக் கேள்வி இன்னும் வாயில் நிற்கிறது. அது பயணத்தைத் தடுக்கிற கேள்வி என்று எடுக்காதே. வழியனுப்புகிற முறை அது.

இப்போது அப்படி ஒன்றுமில்லை, நிம்மதியாகப் போ. சந்திக்கிற இடம் கேட்டாயே, கோட்டை ஸ்டேஷன் வாசலில் ஒல்கொட் சிலை நிற்கிறது. அதன் அடியில் நில். வெளியூர் ஆட்கள் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள், தனியாகத் தெரியாது.

பயணப்பை | புதன், காலை 10.30

நான் வேறு விதமான கதை சொல்ல வேண்டும். 2018 இல் இணையத்தில் பழகிய ஒருவரைப் பார்க்கக் கொழும்புக்குப் போனேன். இரண்டு வருடம் ஒவ்வொரு இரவும் எழுதியவர். மீன் தொட்டி வளர்ப்பில் எனக்கு எல்லாம் சொல்லித் தந்தவர். நேரில் வந்தது வேறொரு மனிதர். பெயர் ஒன்றுதான், பேச்சு வேறு. அரை மணித்தியாலத்துக்குள் கடன் கேட்டார். நான் இருபத்தைந்தாயிரம் கொடுத்தேன், அது திரும்பி வரவில்லை. காசு போனதுகூடப் பெரிதில்லை. ஊருக்கு வந்த பிறகு அந்த இரண்டு வருடக் கடிதங்களையும் திறந்து பார்க்க முடியவில்லை. அவர் சொல்லித் தந்த மீன்களைக்கூட ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

எழுத்தில் தெரிகிற ஆளும் நேரில் வருகிற ஆளும் ஒருபோதும் ஒன்றாக இருப்பதில்லை. அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள். போகிற அன்றைக்கே யார் வீட்டுக்குள்ளும் போகாதீர்கள். திரும்பி வருகிற டிக்கட் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

திரியாய்_டீச்சர் | புதன், பிற்பகல் 1.10

பயணப்பை அண்ணாவுக்கு நடந்தது மனதுக்குக் கஷ்டம். அவர் கடைசியில் சொன்ன இரண்டும் சரி. ஆனால் "ஒருபோதும்" என்பதோடு எனக்கு உடன்பாடில்லை. என் மிக நெருங்கிய சிநேகிதி கடிதத்தில் பழகியவர். வானொலியில் பேனா நண்பர் விலாசம் வாசித்த காலம் அது. ஆறு வருடம் கழித்துத்தான் பார்த்தோம். இன்றைக்கும் அவர் பிள்ளைகளுக்கு நான்தான் பெரியம்மா.

தங்கச்சிக்கு என் யோசனை: ராத்தாவும் நீங்களும் சிலையடியில் சந்தியுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து கரையோர ரயிலில் வெள்ளவத்தைக்குப் போங்கள். மற்றவர்களை முதலில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் பாருங்கள், 57 ஆம் ஒழுங்கையில் இருக்கிறது, 1942 இல் தொடங்கிய சங்கம். உள்ளே நூலகம் உண்டு, ஆட்கள் வந்து போவார்கள், தமிழில் கதைக்கலாம். அங்கே ஒரு மணித்தியாலம் இருந்து மனம் சொன்ன பிறகு வீட்டுக்குப் போகலாம். சித்திக்கு வீட்டு விலாசத்தை அனுப்பிவிட்டுப் போங்கள். 1938 என்கிற பெண்களுக்கான உதவி இலக்கத்தையும் போனில் போட்டு வையுங்கள். தேவைப்படாது, இருக்கட்டும்.

சம்பூர்_நூல் | வியாழன், இரவு 7.30

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு நாலு பேரும் வீடியோவில் முகம் பார்த்தோம். அம்மாவையும் இருத்தினேன். எல்லோருக்கும் ஒரே வெட்கம், இரண்டு நிமிடம் யாரும் கதைக்கவில்லை. பிறகு ராத்தா ஊசியைத் தூக்கிக் காட்டினார், எல்லோரும் சிரித்துவிட்டோம். அக்கா நான் நினைத்ததைவிட வயதானவர். அம்மா அவரைப் பார்த்துவிட்டு "டீச்சர், பிள்ளை காரம் கூடச் சாப்பிட மாட்டாள்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. திரியாய் டீச்சர் அக்கா சொன்ன திட்டம்தான். டிக்கட் போக வர இரண்டும் கையில் இருக்கிறது.

சம்பூர்_நூல் | வெள்ளி, இரவு 11.48

ரயிலில் இருந்து எழுதுகிறேன். நிலாவெளி அண்ணா சொன்னபடி காட்டுக்குள் ஊர்கிறது. ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை, பச்சை இலை வாசம் மட்டும் வருகிறது. எதிரே இருக்கிற கந்தளாய்க் குடும்பம் எனக்கு ஒரு ரொட்டியும் கட்டச் சம்பலும் தந்தது. நித்திரை வரவில்லை.

நிலாவெளிக்காரன் | வெள்ளி, இரவு 11.55

பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு கண்ணை மூடுங்கள். மாகோ ஸ்டேஷன் வர எழும்பலாம்.

கடலோரத்_தாய் | சனி, காலை 5.10

இறங்கியதும் ஒரு வார்த்தை எழுதுங்கள் மகள். விழித்துத்தான் இருக்கிறேன்.

சம்பூர்_நூல் | சனி, காலை 5.31

இறங்கிவிட்டேன் அம்மா. சித்தப்பா மேடையிலேயே நின்றார். மழை.

சம்பூர்_நூல் | ஞாயிறு, காலை 7.00

நேற்று முழுக்க எழுத நேரம் கிடைக்கவில்லை. இன்று இரவு ரயிலில் திரும்புகிறேன். அதற்கு முன் ஆறுதலாகச் சொல்கிறேன்.

ஒன்பது மணிக்குச் சிலையடியில் நின்றேன். கொட்டியாரம் ஐயா சொன்னது சரி, என்னைப் போல் இருபது பேர் குடையோடு யாரையோ தேடிக்கொண்டு நின்றார்கள். எனக்கு ராத்தாவைத் தெரியவில்லை. வீடியோவில் முகம் பார்த்தும் அந்தக் கூட்டத்தில், அந்த மழையில், எல்லா முகமும் ஒன்றாக இருந்தது. அப்போது ஒரு கை குடையை மாற்றிப் பிடித்தது. வலது சுட்டுவிரல் நுனியில் ஊசி வைத்து வைத்து வந்த சின்னக் காய்ப்பு. நகத்துக்குக் கீழே மருதோன்றி மங்கிப் போன சிவப்பு. அந்த விரல் எத்தனை பூ பின்னியதை நான் பார்த்திருக்கிறேன்! "ராத்தா" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

கரையோர ரயிலை யாரும் எனக்குச் சரியாகச் சொல்லவில்லை. கடலோடு ஒட்டிப் போகிறது. வலப்பக்கம் அலை அடித்து, கல்லில் தெறித்து, தண்ணீர் ஜன்னலில் விழுகிறது. எனக்குக் கடல் புதிதில்லை. ஆனால் எங்கள் குடாவில் தண்ணீர் இந்த மாதத்தில் தட்டில் ஊற்றின மாதிரி நிற்கும். அங்கே கடல் கோபத்தில் இருந்தது. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, பிறகு வெள்ளவத்தை. இறங்கிக் காலி வீதிக்கு ஏறினால் எல்லாக் கடைப் பெயரும் தமிழில் இருக்கிறது. பூக்கடையில் மாலை கட்டுகிற அம்மாவிடம் சங்கத்துக்கு வழி கேட்டேன். தமிழிலேயே சொன்னார். கொழும்பு எனக்குப் பெரிதாகத் தெரியாமல் போனது அந்த இடத்தில்தான்.

வாசலில் அக்காவும் தங்கச்சியும் நின்றார்கள். தங்கச்சி என்னைவிடப் பதற்றத்தில் இருந்தாள். அவள் கடையில் அரை நாள் லீவு எடுத்து வந்திருந்தாள், கடைச் சட்டையை மாற்றக்கூட நேரமில்லை. உள்ளே ஒரு மணித்தியாலம் இருந்தோம். திரியாய் டீச்சர் அக்கா, நீங்கள் சொன்னபடி மனம் என்ன சொல்கிறது என்று கவனித்துப் பார்த்தேன். பசிக்கிறது என்றுதான் சொன்னது. அக்கா வீட்டுக்குப் போனோம்.

வீடு கடல் பக்கத்து ஒழுங்கையில் மூன்றாம் மாடி. இடியப்பமும் சொதியும், எனக்கென்று மிளகாய் குறைத்த கத்தரிக்காய்க் கறியும் வைத்திருந்தார். சாப்பிட்டு முடித்து எல்லோரும் ஊசி எடுத்தோம். இந்த இடத்தை நான் மெதுவாக எழுத வேண்டும்.

அக்கா எனக்கு எதிரே இருந்தார். நூலை மடியில் வைத்தார். ஊசியை எடுத்தார், வலக்கையால். பேனை பிடிப்பது போல இரண்டு விரலில் பிடித்துச் சர்ரென்று பின்னத் தொடங்கினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று வருடமாக நான் பார்த்த அக்காவின் கை இது இல்லை. அது இடக்கை. ஊசியைக் கத்தி பிடிப்பது போல உள்ளங்கையில் அமர்த்திப் பிடிக்கிற கை. இவ்வளவு வேகமும் அதற்கு இல்லை.

"அக்கா, நீங்கள் இடக்கை இல்லையா?"

"இல்லையே. நான் எப்போது அப்படிச் சொன்னேன்?"

யோசித்துப் பார்த்தால் அவர் சொல்லவே இல்லை. நானாக நினைத்துக்கொண்டேன். நான் விட்டுவிடுகிறேன் என்று குழுவில் எழுதிய அன்று, அக்கா நூலை இடக்கைக்கு மாற்றியிருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "போனில் வீடியோவைத் திருப்பலாம் என்று எனக்குத் தெரியாது பிள்ளை. கையைத் திருப்பலாம் என்று தெரியும்."

எழும்பிப் போய் ஒரு பிஸ்கட் டின் கொண்டு வந்தார். உள்ளே பதினொரு சின்னத் துண்டுகள். இடக்கையால் முதன்முதல் பின்னிப் பழகியவை. முதல் துண்டைக் கையில் எடுத்தேன். கண்ணிகள் இறுகி இறுகி, ஊசி நுழையாத அளவுக்குக் கல்லாகக் கிடந்தன. ஓரம் ஒரு பக்கம் இழுத்து முக்கோணமாகிவிட்டது. நாலாவதில் ஓரம் நேராகிறது. எட்டாவதில் கண்ணி மூச்சு விடுகிறது. பதினோராவது துண்டு எனக்குத் தெரியும், முதல் வீடியோவில் வந்த நீல நூல். அந்த வீடியோவில் அக்கா ஒவ்வொரு கண்ணிக்கும் நின்று நின்று போவார். எனக்காக மெதுவாகச் செய்கிறார் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அவரால் அவ்வளவுதான் முடிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்தது இன்னொன்று. எதிரெதிரே இருந்தபோது அக்காவின் வலக்கையும் என் இடக்கையும் கண்ணாடியில் பார்ப்பது போல ஒரே பக்கம் போயின. எந்தத் தலைகீழும் இல்லை. மூன்று வருடம் எனக்குப் பிடிபடாத அன்னாசிப் பின்னலை அவர் வலக்கையைப் பார்த்தே ஐந்து நிமிடத்தில் பிடித்துவிட்டேன். "அப்போ நான் சும்மாதான் கஷ்டப்பட்டேனா, நீ எதிரே இருந்திருந்தால் போதுமே!" என்று அக்கா கைகொட்டிச் சிரித்தார். ராத்தா அழுதுவிட்டார்.

திரியாய்_டீச்சர் | ஞாயிறு, காலை 7.40

ஸ்கூலுக்குப் போகிற நாளில்லை, நல்ல வேளை. வாசித்து முடித்து இரண்டாம் தடவை வாசிக்கிறேன். நான் இருபத்தொரு வருடமாகப் படிப்பிக்கிறேன். பிள்ளைக்கு விளங்காவிட்டால் குரலை உயர்த்தியிருக்கிறேன், பலகையில் இன்னொரு தடவை எழுதியிருக்கிறேன். கையை மாற்றியதில்லை.

பயணப்பை | ஞாயிறு, காலை 8.25

தங்கச்சி, நேரில் வருகிற ஆள் வேறாக இருப்பார் என்று நான் எழுதினேன். வேறாகத்தான் இருந்தார், ஆனால் நான் நினைத்த வழியில் இல்லை. ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். உங்களைப் போல இடக்கைக்காரர் என்று நம்பித்தானே அவரோடு நெருங்கினீர்கள்? அது இல்லை என்று தெரிந்தபோது ஒன்றும் தோன்றவில்லையா?

சம்பூர்_நூல் | ஞாயிறு, காலை 9.10

தோன்றியது அண்ணா. மறைக்க மாட்டேன். முதல் ஐந்து நிமிடம் நெஞ்சுக்குள் ஏதோ விழுந்த மாதிரி இருந்தது. எங்கள் குடும்பத்தில், வகுப்பில், ஊரில் எனக்குத் தெரிந்து இடக்கைக்காரர் யாருமில்லை. சின்னதில் இடக்கையால் சோறு எடுத்தால் ஈர்க்கால் அடி விழும். எழுத்தை வலக்கைக்கு மாற்றிவிட்டார்கள். பின்னல் மட்டும்தான் மாற்ற முடியாமல் மிஞ்சியது. உலகத்தில் எங்கோ என்னைப் போல ஒருவர் இருக்கிறார், அவர் டீச்சராகக்கூட இருந்திருக்கிறார் என்று நினைத்தே மூன்று வருடம் பின்னினேன். அந்த ஆள் இல்லை என்று தெரிந்தபோது தனியாகப் போன மாதிரித்தான் இருந்தது. பிறகு டின்னைத் திறந்தார். அதற்குப் பிறகு அந்த நினைப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

கொட்டியாரம்_பழசு | ஞாயிறு, காலை 9.45

பயணப்பைத் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் வெள்ளவத்தை டீச்சர் பொய் சொல்லவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவர் தன் கையைத்தான் காட்டினார், அந்தக் கை அந்தப் பின்னலைப் பின்னியதும் உண்மை. காசு கேட்டவன் தன்னிடம் இல்லாத ஒன்றைக் காட்டினான். இவர் தன்னிடம் இருந்ததைக் கொடுத்தார். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

பயணப்பை | ஞாயிறு, காலை 10.02

ஒத்துக்கொள்கிறேன் ஐயா. இன்று பின்னேரம் ஒரு சின்ன மீன் தொட்டி பார்க்கப் போகலாம் என்று இருக்கிறேன்.

நிலாவெளிக்காரன் | ஞாயிறு, பகல் 12.20

காலி முகத்திடலுக்குப் போனீர்களா? நாங்கள் நிலாவெளியில் சூரியன் கடலில் இருந்து எழும்புவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். அங்கே அது கடலுக்குள் இறங்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்குத் திசையே பிழைத்துவிட்டது.

சம்பூர்_நூல் | ஞாயிறு, மாலை 4.15

போனோம் அண்ணா. சூரியன் வரவில்லை, மழைதான் வந்தது. நாலு பேரும் இரண்டு குடைக்குள் நின்று இறால் வடை சாப்பிட்டோம். இன்று காலை கொட்டாஞ்சேனையில் இருந்து புறக்கோட்டைக்கு நடந்தோம். செட்டியார் தெருவில் நகைக்கடைகள், சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டின பள்ளிவாசல் எல்லாம் பார்த்தேன். ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கு நினைவில் நிற்பது நூல் கடைதான். நான் இவ்வளவு நிறத்தை ஒரே சுவரில் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் பருத்தி நூல் ஐந்து நிறத்தில் வரும், அதுவும் வந்தால் வரும். உப்புவெளிக்கு வருகிற வெளிநாட்டுப் பயணிகளுக்குப் பை பின்னி விற்கிறேன், கடல் நிறம் கேட்பார்கள், என்னிடம் இருக்காது. ராத்தா கடைக்காரரோடு சிங்களத்தில் விலை பேசி ஆறு பந்து வாங்கித் தந்தார். அக்கா பதினோராவது துண்டை எனக்குத் தந்துவிட்டார். சட்டைப் பைக்குள் இருக்கிறது.

கடலோரத்_தாய் | செவ்வாய், காலை 8.00

வீட்டுக்கு வந்து சேர்ந்தீர்களா மகள்? அம்மாவிடம் எல்லாம் சொன்னீர்களா? இந்த இழையை என் மூத்தவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளும் இடக்கை. வலக்கைக்கு மாற்றப் பார்த்தேன். இனிமேல் பார்க்க மாட்டேன்.

சம்பூர்_நூல் | செவ்வாய், காலை 8.50

வந்துவிட்டேன் அம்மா. நீலத் துண்டை அம்மாவிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டீச்சர் எத்தனை நாள் பழகினாவாம்?" என்று கேட்டார். ஐந்து நாள், இரவில் இருந்து பழகினாராம் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. இன்று காலையில் தேத்தண்ணிக் கோப்பையை என் இடப்பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். காதுப்பிடி இடப்பக்கம் திரும்பியிருந்தது.

உங்கள் மூத்த மகளுக்கு என் இலக்கத்தைத் தனி மடலில் அனுப்புகிறேன். பின்னல் பழக விருப்பமென்றால் உப்புவெளிக்கு வந்து சொல்லித் தருகிறேன். நான் இடக்கை, அவளும் இடக்கை, பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும்.

இன்னொரு உதவி வேண்டும். ஆவணியில் மூன்று பேரும் இங்கே வருகிறார்கள். தங்கச்சி பிறந்ததில் இருந்து மலையும் கொழும்பும்தான், நம் பக்கத்துக் கடலைப் பார்த்ததில்லை. அக்காவுக்கு முழங்கால் வலி. கோணேசர் கோயிலுக்கு ஏற முடியுமா?

கொட்டியாரம்_பழசு | செவ்வாய், காலை 9.30

தாராளமாக. பிரட்ரிக் கோட்டை வாசலுக்குள் ஓட்டோ போகும், கடைசி ஏற்றம் மட்டும்தான் நடை. விடிய ஆறரைக்குள் போங்கள். வெயில் ஏறினால் கல் சுடும், செருப்பில்லாமல் நிற்க முடியாது. வாசலில் மான்கள் வந்து நிற்கும், டீச்சரின் கைப்பையைக் கவனமாகப் பிடிக்கச் சொல்லு, துணி என்றும் பார்க்காமல் கடிக்கும். இராவணன் வெட்டுப் பக்கம் போகும்போது தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொள், மலைப் பிள்ளை என்றாலும் நேர் கீழே கடல் தெரிகிற இடம் வேறு.

நிலாவெளிக்காரன் | செவ்வாய், காலை 10.05

கன்னியா வெந்நீர்க் கிணறுகளை விட வேண்டாம். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு வேறு. முழங்கால் வலிக்கு நல்லது என்று எங்கள் ஆச்சி சொல்லுவா. சனி ஞாயிறில் போனால் வாளி கிடைக்காது, வார நாளில் போங்கள். புறாத்தீவுக்குப் படகு நான் ஒழுங்கு செய்கிறேன், ஆவணியில் கடல் படுத்துத்தான் கிடக்கும்.

மலைநாட்டு_ஊசி | செவ்வாய், இரவு 9.20

வணக்கம். நான்தான் அந்த ஹட்டன் தங்கச்சி. அக்கா இணைப்பு அனுப்பினா, இப்பதான் சேர்ந்தேன். லீவு கிடைச்சிருச்சு, நாலு நாள். அம்மாவைப் பார்த்துட்டு ஹட்டனில் இருந்தே வரலாம்னு இருக்கேன். எந்தப் பஸ் எடுக்கணும்? கடலில் குளிக்க என்ன உடுப்பு கொண்டு வரணும்? எனக்கு நீந்தத் தெரியாது.

சம்பூர்_நூல் | செவ்வாய், இரவு 9.26

ஹட்டனில் இருந்து கண்டிக்கு வா. கண்டியில் திருகோணமலை பஸ் இருக்கிறது, ஜன்னல் பக்கம் பிடி. டவுன் பஸ் நிலையத்தில் நான் நிற்பேன். பழைய கவுன் ஒன்றும் மாற்று உடுப்பும் போதும். நிலாவெளியில் கரைப் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் நின்று குளிக்கலாம், நீந்தத் தெரிய வேண்டாம். மூன்றரை மில்லிமீட்டர் ஊசியை மறக்காமல் எடுத்து வா, என்னுடையதை ரயிலில் விட்டுவிட்டேன்.